கணக்குக் கேக்கிறது கலகம் இல்லை: யாழ்ப்பாணத்துப் போதகர்மாருக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்தில சபை நடத்திற போதகர் ஐயாமாருக்கும், பாஸ்டர்மாருக்கும், மூப்பர்மாருக்கும், சபைக் கமிற்றியளில இருக்கிற எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

நான் ஒரு விசுவாசி, அவ்வளவுதான். இறையியல் கல்லூரியில படிக்கேல்லை, மேடையில ஏறிப் பிரசங்கம் பண்ணினதும் இல்லை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில கணக்கெழுதி இளைப்பாறின மனுசி. ஞானஸ்நானம் எடுத்து வளர்ந்தது தென்னிந்தியத் திருச்சபையில, கலியாணம் கட்டின பிறகு அவர் போன சுயாதீன சபைக்கு நானும் போகத் தொடங்கி இப்பவும் அங்கதான் போறன், அதால ரெண்டு பக்கமும் எனக்குத் தெரியும், ரெண்டு பக்கத்திலயும் நல்ல ஊழியக்காரர் இருக்கினம் எண்டதும் தெரியும். இது ஒரு ஆளைக் குறி வச்சு எழுதின மடல் இல்லை. இன்னாரைத்தான் சொல்லுறா எண்டு வட்ஸ்அப் குறூப்பில பேர் தேடாதேங்கோ, தயவுசெய்து. வாசிச்சுப் போட்டு உங்கட சபையை மட்டும் ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ.

விசயம் இதுதான். காசைப் பற்றியோ, முடிவு எடுக்கிற விதத்தைப் பற்றியோ சபையில ஆரும் ஒரு கேள்வி கேட்டா, அதுக்கு மறுமொழியா கணக்கு வாறேல்லை, ஒரு வசனம் வருது. "கர்த்தர் அபிஷேகம் பண்ணினவரைத் தொடாதேங்கோ." அதுக்கு மேல கதை இல்லை. அடுத்த ஞாயிறு பிரசங்கம் மோசேக்கு எதிராக் கலகம் பண்ணின கோராகைப் பற்றி இருக்கும், கேட்ட ஆளுக்கு ஒருத்தரும் முகம் குடுக்கமாட்டினம், பாட்டுக் குழுவில இருக்கிற அவவின்ர மகளை அந்தக் கிழமையோட நிப்பாட்டிப் போடுவினம். இப்பிடி நடந்து சபையை விட்டே போன ஆக்களை எனக்குத் தெரியும், சில பேர் கடவுளையும் விட்டிட்டுப் போட்டினம். அதுதான் என்னால தாங்க ஏலாமல் கிடக்கு.

அந்த வசனம் சங்கீதம் 105 இல 15 ஆம் வசனம். மேல இருக்கிற மூண்டு வசனத்தையும் சேத்து வாசிச்சுப் பாருங்கோ ஐயா. அது ஆரைப் பற்றிச் சொல்லுது? ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. சொந்தக் காணி இல்லாமல், கொஞ்சப் பேரா, ஒரு ராச்சியத்தில இருந்து இன்னொரு ராச்சியத்துக்கு அலைஞ்சு திரிஞ்ச ஒரு குடும்பம். பார்வோன் நினைச்சா சாராளைக் கூட்டிக்கொண்டு போகலாம், அபிமெலேக்கு நினைச்சாலும் கூட்டிக்கொண்டு போகலாம், கேக்க ஒரு ஆள் இல்லை. அந்த நிலமையிலதான் கடவுள் ராசாக்களைக் கடிஞ்சு சொல்லுறார், என்ர ஆக்களைத் தொடாதேங்கோ எண்டு. பலம் உள்ளவனைப் பாத்து, பலம் இல்லாதவனைக் காப்பாத்திறதுக்குச் சொன்ன சொல் அது. 1995 ஒக்டோபர் 30 ராத்திரி யுத்தத்தால யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, மழையுக்குள்ள பிள்ளையளையும் பையையும் தூக்கிக்கொண்டு நாவற்குழிப் பாலம் தாண்டின சனத்துக்கு இந்தச் சங்கீதத்தை வேற ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பரதேசியாத் திரிஞ்ச சனத்துக்குக் கடவுள் குடுத்த அந்தப் பாதுகாப்பை எடுத்து, மைக் கையில இருக்கிறவர் மைக் இல்லாதவைக்கு எதிராப் பிடிக்கிறது எப்பிடிச் சரி?

தன்னைக் கொல்லத் தேடின சவுல் ராசா மேல, அவர் அபிஷேகம் பெற்றவர் எண்டு தாவீது கை வைக்கேல்லைத்தானே எண்டு கேப்பியள். உண்மை, கை வைக்கேல்லை. ஆனா எங்கேதிக் குகையால வெளிய வந்து, வெட்டின அங்கித் துண்டைக் கையில பிடிச்சுக்கொண்டு, ரெண்டு பக்கத்துப் படையும் கேக்க சவுலிட்ட நியாயம் கேட்டவர். அதே தாவீது ராசாவா வந்து பிழை விட்ட நேரம் நாத்தான் தீர்க்கதரிசி நேர போய் "நீயே அந்த மனுஷன்" எண்டார், தாவீதும் நான் அபிஷேகம் பெற்றவன் எண்டு சொல்லேல்லை, பாவம் செய்தன் எண்டுதான் சொன்னவர். அந்தியோகியாவில பேதுரு யூதர் இல்லாத புறசாதியாரோட இருந்து சாப்பிடுறதை விட்டிட்டு விலகினபோது பவுல் எல்லாருக்கும் முன்னால அவரைக் கடிஞ்சுகொண்டவர், கலாத்தியர் ரெண்டாம் அதிகாரத்தில இருக்கு. இன்னும் ஒண்டு, யோவான் தன்ர முதலாம் நிருபத்தில நீங்கள் அபிஷேகம் பெற்றிருக்கிறியள் எண்டு எழுதினது போதகர்மாருக்கு இல்லை, முழுச் சபைக்கும். அப்ப கடைசி வாங்கில இருக்கிற கிழவியும் அபிஷேகம் பெற்றவதான், அவவையும் தொடக் கூடாது.

கோராகைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுற ஐயாமார் எண்ணாகமம் 16 ஐ முழுக்க வாசிக்கிறேல்லையோ எண்டு எனக்கு ஒரு கவலை. அந்த அதிகாரத்தில 15 ஆம் வசனத்தில மோசே சொல்லுறது என்ன? இவையளிட்ட இருந்து நான் ஒரு கழுதையைக் கூட எடுக்கேல்லை எண்டு. கலகம் நடந்துகொண்டிருக்கிற நேரத்திலயும் அவர் தன்ர கை சுத்தம் எண்டதைத்தான் முதல் சாட்சியா வைக்கிறார். சாமுவேலும் அப்பிடித்தான், வயசு போய்ப் பொறுப்பைக் குடுக்கிற நாளில முழு இஸ்ரவேலையும் கூட்டி வச்சு, ஆற்ற எருதை எடுத்தன், ஆற்ற கழுதையை எடுத்தன், ஆரிட்டப் பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கினன், சொல்லுங்கோ, திருப்பித் தாறன் எண்டு கேக்கிறார். ஒரு தலைவர் தானா எழும்பி நிண்டு என்னைக் கேள்வி கேளுங்கோ எண்டு சொல்லுறார் பாருங்கோ, பைபிளில தலைமைத்துவம் எண்டால் எனக்கு முதல் ஞாபகம் வாறது அந்தக் காட்சிதான்.

கணக்கெழுதின ஆள் எண்டதால எனக்கு மிச்சம் பிடிச்ச ஒரு பகுதி இருக்கு, ஆரும் அதைப் பிரசங்கிச்சு நான் கேக்கேல்லை. யாத்திராகமம் 38, கடைசிப் பகுதி. இஸ்ரவேலர் வனாந்தரத்தில கடவுளை ஆராதிக்கக் கட்டின ஆசரிப்புக் கூடாரம் முடியிற நேரம் மோசே கணக்குக் குடுக்கிறார். ஒருத்தரும் கேக்காமலே குடுக்கிறார். தாலந்தும் சேக்கலும் அந்தக் கால நிறையள். பொன் 29 தாலந்து 730 சேக்கல், வெள்ளி 100 தாலந்து 1,775 சேக்கல், வெண்கலம் 70 தாலந்து 2,400 சேக்கல். கணக்கை எண்ணினது மோசே இல்லை, கூடார வேலை பாத்த லேவியர், ஆரோன்ர மகன் இத்தாமார்தான் பொறுப்பு. பேந்து செலவு: 100 தாலந்து வெள்ளி பாதங்கள் வார்க்கிறதுக்கு, மிச்ச 1,775 சேக்கல் தூண்களின்ர கொக்கிகளுக்கும் பூண்களுக்கும் எண்டு கொக்கி வரைக்கும் எழுதி வச்சிருக்கு. நான் ஒருநாள் கொப்பியை எடுத்துக் கூட்டிப் பாத்தன். எண்ணப்பட்ட ஆம்பிளையள் 603,550 பேர், ஆளுக்கு அரைச் சேக்கல் வெள்ளி குடுத்தவை, எண்டால் 301,775 சேக்கல். ஒரு தாலந்து 3,000 சேக்கல், 100 தாலந்து 300,000, மிச்சம் 1,775. ஒரு சேக்கல் கூடப் பிசகேல்லை! வேதாகமத்துக்குள்ள வரவு செலவு சரியாப் பொருந்துற ஒரு கணக்கு கிடக்கு, அதுவும் வனாந்தரத்தில, கூடாரத்தில இருந்துகொண்டு எழுதினது. எங்களிட்டக் கொம்பியூட்டர் இருக்கு, வங்கிப் புத்தகம் இருக்கு, எங்களுக்கு ஏன் ஏலாது?

பவுல் எருசலேம் ஏழையளுக்குக் காசு சேத்த விதத்தையும் பாருங்கோ, 2 கொரிந்தியர் 8. தீத்துவை அனுப்புறார், தனிய இல்லை, சபைகள் தெரிஞ்செடுத்த இன்னொரு சகோதரனையும் சேத்து அனுப்புறார். ஏன் எண்டும் அவரே சொல்லுறார், இவ்வளவு காசு விசயத்தில ஒருத்தரும் எங்களிலை குறை சொல்லக் கூடாது, கர்த்தருக்கு முன்னால மட்டும் இல்லை மனுசருக்கு முன்னாலயும் சரியா நடக்கவேணும் எண்டு. "நான் கடவுளுக்குத்தான் கணக்குக் குடுப்பன்" எண்டு சொல்லுற ஊழியக்காரருக்கு இதை விட நேரான மறுமொழி எனக்குத் தெரியேல்லை. பவுலுக்கே மனுசருக்கு முன்னால கணக்கு வேணும் எண்டால் எங்களுக்கு வேண்டாமோ.

நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்க எங்கட கோயில்ல காணிக்கை எண்ணுறதை யன்னலுக்கால பாத்துக்கொண்டு நிக்கிறனான். ஆராதனை முடிய, பின்னால இருக்கிற சின்ன அறையில ஒரு மேசை, அதில ரெண்டு பேர், ஒருத்தருக்கு ஒருத்தர் சொந்தம் இல்லை. பையைக் கவிட்டுக் கொட்டுவினம். சில்லறையைப் பத்துப் பத்தா அடுக்கி, கிழிஞ்ச தாள்க் காசை ஒரு பக்கம் வச்சு, கவரில வந்ததைப் பேர் பாத்துத் தனிய எழுதி, ஒருத்தர் எண்ணினதை மற்றவர் திருப்பி எண்ணுவார், பேந்து கொப்பியில ரெண்டு பேரும் கையெழுத்து வைப்பினம். ஐயா அந்த அறைக்குள்ள வரவே மாட்டார், வெளிய வாசல்ல நிண்டு சனத்தோட கதைச்சுக்கொண்டிருப்பார். பிடியரிசிக்கும் கொப்பி இருந்தது, ஒவ்வொரு வீட்டிலயும் உலை வைக்கேக்க ஒரு பிடி அரிசியை எடுத்து வச்சுச் சேத்துக் கொண்டு வாறது, அதுவும் எத்தினை கொத்து எண்டு எழுதுப்படும். இண்டைக்குச் சில இடங்களில காணிக்கைப் பை நேர பாஸ்டரின்ர வீட்டுக்குப் போகுது, மகனோ மருமகனோ எண்ணுறார். திரையில வங்கிக் கணக்கு இலக்கம் போடுறியள், அந்த இலக்கத்துக்கு மேல ஆற்ற பேர் கிடக்கு எண்டு பாருங்கோ. சபையின்ர பேர் எண்டால் சந்தோசம். ஒரு தனி ஆளின்ர பேர் எண்டால், அந்த ஆள் எவ்வளவு நல்லவரா இருந்தாலும், அது சரியில்லை. அவர் நாளைக்குக் கண்ணை மூடினா அந்தக் காசு சட்டப்படி ஆருக்குப் போகும் எண்டு யோசிச்சிருக்கிறியளோ?

எங்கட ஊரில சபைக்கு இருக்கிற மரியாதை சும்மா வந்ததில்லை. 1687 இல ஜோசப் வாஸ் அடிகளார், கத்தோலிக்கரை ஒடுக்கின ஒல்லாந்தருக்குத் தெரியாமல் பிச்சைக்காரன் வேசத்தில யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தவர், ஒளிச்சுத் திரிஞ்சு சனத்தைத் தேடிப் போனவர். தெல்லிப்பழையில பிறந்து உலகம் முழுக்கப் பிரசங்கிச்ச டி. ரி. நைல்ஸ் ஐயா சுவிசேசம் சொல்லுறதைப் பற்றி, ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்குச் சாப்பாடு எங்க கிடைக்கும் எண்டு காட்டுறது எண்டு சொன்னவர். யுத்த காலத்தில சனம் ஓடேக்க கூட ஓடின, சனம் நிண்ட இடத்தில கூட நிண்ட ஃபாதர்மாரும் போதகர்மாரும் எத்தினை பேர். 2006 ஓகஸ்ட் 13 அல்லைப்பிட்டியில கோயிலுக்குள்ள தஞ்சம் இருந்த சனத்துக்கு மேல எறிகணை விழுந்தது, அந்தச் சனத்தை வெளிய எடுக்க ஓடித் திரிஞ்ச ஜிம் பிரவுண் அடிகளார் ஒரு கிழமையால, 20 ஆம் திகதி, காணாமல் போனவர், இண்டைக்கும் ஒரு சேதியும் இல்லை. இப்பிடிப்பட்ட ஆக்கள் தங்கட உயிரைக் குடுத்துச் சேத்து வச்ச நம்பிக்கையிலதான் இண்டைக்கு ஒரு வெள்ளை உடுப்பைக் கண்டால், ஒரு பைபிளைக் கையில கண்டால் சனம் எழும்பி நிக்குது, வீட்டுக் கதவைத் திறக்குது. அது உங்கட சொந்தச் சம்பாத்தியம் இல்லை ஐயா. அதைச் செலவழிக்கேக்க பயத்தோட செலவழிக்கவேணும்.

கைம்பெண்டுகளைப் பற்றி எழுதாமல் இந்த மடலை முடிக்க எனக்கு மனம் வராது. ஒரு உபவாச ஜெபத்தில நான் கண்ணால கண்டது. வெளியில இருந்து வந்த ஒரு ஊழியக்காரர் பொருத்தனை (நேர்த்தி) பண்ணச் சொல்லி உருக்கமாப் பேசிக்கொண்டிருக்கிறார், உன்னட்ட இருக்கிற கடைசியைக் குடு, கர்த்தர் உன்ர காரியத்தை இந்த மாசம் முடிப்பார் எண்டு. எனக்குப் பக்கத்தில இருந்த பிள்ளை, நாப்பது வயசு இருக்கும், புருசன் வன்னியில காணாமல் போனவர், தோட்டைக் கழட்டத் தொடங்கிச்சுது. ஒரு காது கழண்டிட்டுது, மற்றக் காதில சுரை இறுகிக் கிடக்கு, கை நடுங்குது, பின்னால இருந்த ஒரு மனுசி எழும்பி வந்து கழட்டக் கை குடுத்தவ. ரெண்டையும் லேஞ்சியில முடிஞ்சு பையுக்குள்ள போட்டுது. அந்தப் பிள்ளைக்கு நுண்கடன் கட்டுமதி இருக்கு, கிழமைக்குக் கிழமை லோன்காரத் தம்பி சைக்கிளை வாசல்ல விட்டிட்டு நிப்பான், கட்டாட்டி குறூப்பில இருக்கிற மற்றப் பெண்டுகள் ஏசுவினம். அந்தத் தோட்டை அடகு வச்சிருந்தாக் கொஞ்ச நாள் மூச்சு விட்டிருக்கும். ஊழியக்காரர் வந்த வாகனத்திலயே அண்டு ராத்திரி போட்டார். தோடு எங்க போச்சுது எண்டு சபையில ஒருத்தருக்கும் தெரியாது.

அண்டைக்கு அவர் எடுத்த வசனம், தன்னட்ட இருந்த எல்லாத்தையும் காணிக்கையாப் போட்ட ஏழை விதவையின்ர ரெண்டு காசு. மாற்கு 12. அதுக்கு நேர மேல இருக்கிறது என்ன? விதவைகளின்ர வீடுகளைப் பட்சிச்சு, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுற, வேதம் படிப்பிக்கிற வேதபாரகரைப் பற்றி எச்சரிக்கையா இருங்கோ எண்டு இயேசு சொல்லுறார். அதைச் சொல்லி முடிச்சுப் போட்டுத்தான் காணிக்கைப் பெட்டிக்கு முன்னால போய் இருக்கிறார், அப்பதான் அந்தக் கைம்பெண் வாறா. அதுக்குப் பிறகு தேவாலயத்தால வெளிய வரேக்க இந்தக் கட்டடத்தில கல்லுக்கு மேல கல்லு நிக்காது எண்டு சொல்லுறார். மேலயும் கீழயும் வெட்டிப் போட்டு நடுவில இருக்கிற ரெண்டு காசை மட்டும் எடுத்து அழ வைக்கிறது வசனத்துக்கு நியாயம் இல்லை. இயேசு அந்த மனுசியின்ர மனசைப் புகழ்ந்தவர், உண்மை. அவவிட்ட வாங்கின ஆக்களைப் புகழ்ந்தாரோ?

தசமபாகம், அதாவது வருமானத்தில பத்தில ஒரு பங்கு, எடுக்கிறதுக்கு மல்கியா 3 இல 10 ஆம் வசனம் வாசிக்கிறியள். 5 ஆம் வசனத்தையும் வாசியுங்கோ, கூலிக்காரரையும் விதவையளையும் திக்கற்ற பிள்ளையளையும் ஒடுக்கிறவைக்கு எதிரா நானே சாட்சியா வருவன் எண்டு அதே கடவுள் சொல்லுறார். உபாகமம் 14 இல மூண்டாம் வருசத் தசமபாகம் ஆருக்கு? லேவியனுக்கு, பரதேசிக்கு, திக்கற்ற பிள்ளைக்கு, விதவைக்கு, அவையள் வந்து திருப்தியாச் சாப்பிடுறதுக்கு. லேவியனும் அந்த லிஸ்ட்டில இருக்கிறார், நான் மறுக்கேல்லை, ஊழியக்காரர் பட்டினி கிடக்கவேணும் எண்டு ஆரும் சொல்லேல்லை. 2022 இல சாமான் விலை ஏறி, செப்டெம்பரில பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதத்துக்குப் போன நேரம் கனக்கப் போதகர் குடும்பங்கள் கஞ்சி குடிச்சதும் எனக்குத் தெரியும். அப்பிடிப்பட்ட ஆக்களுக்குச் சபை ஒழுங்கான சம்பளம் நிர்ணயிச்சுக் குடுக்கவேணும், அதையும் எல்லாருக்கும் தெரியத்தக்கதாக் குடுக்கவேணும் எண்டுதான் சொல்லுறன். போதகருக்கு இவ்வளவு எண்டு சபைக்குத் தெரிஞ்சா, கூடக் குடுக்கத்தான் சனம் பாக்கும்.

முதலாம் நூற்றாண்டின்ர கடைசியில, இல்லாட்டி ரெண்டாம் நூற்றாண்டின்ர தொடக்கத்தில ஆதித் திருச்சபை எழுதி வச்ச டிடாக்கே எண்டொரு சின்னக் கைநூல் இருக்கு, 1873 இல கொன்ஸ்தாந்திநோப்பிளில அதின்ர பிரதி கிடைச்சது. ஊர் ஊராத் திரியிற ஊழியக்காரரை எப்பிடிச் சோதிக்கிறது எண்டு அதில எழுதியிருக்கு. ஒரு நாள் தங்கட்டும், தேவை எண்டால் ரெண்டு நாள், மூண்டாம் நாளும் இருந்தாக் கள்ளத் தீர்க்கதரிசி. போகேக்க அடுத்த இடம் போகும் மட்டும் காணக்கூடிய அப்பத்தைக் குடுங்கோ, காசு கேட்டாக் கள்ளத் தீர்க்கதரிசி. ஆவியில பேசிக்கொண்டு எனக்குக் காசு தா எண்டு கேட்டாக் காது குடுக்காதேங்கோ, இல்லாதப்பட்ட மற்ற ஆக்களுக்குக் கேட்டா ஆரும் அவரைக் குற்றம் சொல்ல வேண்டாம். அப்போஸ்தலரின்ர காலடி ஈரம் காயாத காலத்தில சனம் ஊழியக்காரரை இப்பிடிக் கேள்வி கேட்டது, அதை ஒருத்தரும் கலகம் எண்டு சொல்லேல்லை.

வெளிநாட்டுக் காசைப் பற்றியும் சொல்லவேணும். கனடாவில, லண்டனில, சுவிசில இருக்கிற எங்கட பிள்ளையள் குளிருக்குள்ள ரெண்டு வேலை செய்து அனுப்புற காசு அது. நல்ல மனசோட அனுப்புதுகள். இஞ்ச உலர் உணவுப் பொதி குடுக்கிறம், குடுக்கேக்க படம் எடுக்கிறம். ஒரு அம்மா பொதியை வாங்கிக்கொண்டு போய் வாசல்ல செருப்புப் போடுறா, படம் வடிவா வரேல்லை எண்டு அவவைத் திருப்பிக் கூப்பிட்டு, பொதியைத் திருப்பி வாங்கி, பனருக்கு முன்னால நிப்பாட்டி, சிரியுங்கோ அம்மா எண்டு சொல்லித் திருப்பிக் குடுத்தவை. அந்த அம்மா சிரிச்சவ. அந்தப் படம் பேஸ்புக்கில வந்தது, அவவின்ர பேரப்பிள்ளையோட படிக்கிற பிள்ளையள் பாத்தவை. வலது கை செய்யிறதை இடது கை அறியக் கூடாது எண்டு இயேசு சொன்னது குடுக்கிறவைக்கு மட்டும் இல்லை, வாங்கிறவையின்ர மானத்தைக் காப்பாத்தவும்தான் எண்டு நான் நினைக்கிறன். காசு தந்தவைக்கு ஆதாரம் வேணும், சரி, பற்றுச்சீட்டை அனுப்புங்கோ, சாமான் வாங்கின கடைப் பில்லை அனுப்புங்கோ, கணக்காய்வு செய்த அறிக்கையை அனுப்புங்கோ. ஏழையின்ர முகம் பற்றுச்சீட்டு இல்லை.

இதை எல்லாம் வெளிய கதைச்சா எதிரிகளுக்கு வாய்ப்பாப் போகும் எண்டு சில ஐயாமார் நினைக்கிறது எனக்கு விளங்குது. சும்மா பயம் இல்லை அது. 2004 இல கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் பாராளுமன்றம் வரைக்கும் வந்தது, இப்ப எங்கட ஊரிலயும் காசு குடுத்து மதம் மாத்தினம் எண்டு கதைக்கிற ஆக்கள் இருக்கினம். ஆனா அந்தக் கதைக்கு மறுமொழி என்ன, கணக்கை மறைக்கிறதோ திறக்கிறதோ? அயலில இருக்கிற சைவக் கோயில்ல திருவிழா முடிய வரவு செலவை எழுதி மதிலில ஒட்டினம், ஆர் எவ்வளவு குடுத்தது, மேளத்துக்கு எவ்வளவு, லைற்றுக்கு எவ்வளவு எண்டு ரோட்டால போற ஆளும் வாசிக்கலாம். மீன்பிடிச் சங்கத்தில, மாதர் சங்கத்தில, மரண உதவிச் சங்கத்தில வருசப் பொதுக்கூட்டத்தில கணக்கு வாசிக்காமல் எழும்ப விடமாட்டினம். உலகத்துக்கு வெளிச்சமா இருக்கவேண்டிய சபைதான் எல்லாரையும் விட இருட்டுக்குள்ள இருந்தால் ஊர் என்ன நினைக்கும்.

2 இராஜாக்கள் 12 இல ஆலய வேலைக்குக் காசு வாங்கினவையிட்டக் கணக்குக் கேக்கேல்லை எண்டு எழுதியிருக்கு, அவையள் உண்மையா நடந்தவை எண்டு ஒரு போதகர் எனக்குச் சொன்னவர். நான் அந்த அதிகாரத்தை முழுக்க வாசிச்சன். யோவாஸ் ராசாவின்ர 23 ஆம் வருசம் வரைக்கும் ஆசாரியர் காசை வாங்கினவை, ஆலயத்தில ஒரு பழுதும் பாக்கேல்லை. அதுக்குப் பிறகுதான் யோய்தா ஆசாரியன் ஒரு பெட்டியை எடுத்து மூடியில துவாரம் போட்டுப் பலிபீடத்துக்குப் பக்கத்தில வச்சது, பெட்டி நிரம்பினா ராசாவின்ர சம்பிரதியும் (எழுத்தரும்) பிரதான ஆசாரியனும் ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணிக் கட்டினது. ஆசாரியரின்ர கையில இருந்து காசு எடுபட்டு, ரெண்டு பேர் எண்ணி முடிஞ்ச பிறகு, வேலை செய்விக்கிறவையின்ர கையில குடுத்த காசுக்குத்தான் கணக்குக் கேக்கேல்லை எண்டு எழுதியிருக்கு. அந்த வசனம் எங்கட பக்கம்தான் நிக்குது.

அப்போஸ்தலர் 6 ஐயும் யோசியுங்கோ. கிரேக்கம் பேசுற விதவையளுக்குச் சாப்பாடு ஒழுங்காக் கிடைக்கேல்லை எண்டு முறுமுறுப்பு வந்தது. பன்னிரண்டு அப்போஸ்தலரும் ஆரடா அது முறுமுறுக்கிறது எண்டு கேக்கேல்லை. சபையைக் கூட்டி, ஏழு பேரை நீங்களே தெரிவு செய்யுங்கோ எண்டிச்சினம். தெரிவான ஏழு பேரின்ர பேரையும் பாருங்கோ, ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா, எல்லாம் கிரேக்கப் பேர். குறை சொன்ன பக்கத்து ஆக்களின்ர கையிலயே பந்தியைக் குடுத்தவை. எங்கட சபையளில சாதி இல்லை எண்டு மேடையில சொல்லுறம், ஒரே அப்பத்தில பங்கெடுக்கிறம், ஆனா கமிற்றிப் பேர் லிஸ்ட்டையும் ஆர் எந்தக் குறிச்சி எண்டதையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்தா நெஞ்சு கனக்குது. முன் வாங்கு ஆருக்கு, தேத்தண்ணி ஊத்துறது ஆர், கதிரை அடுக்கிறது ஆர் எண்டு கடவுளும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறார். 1855 இல அமெரிக்கன் மிசனின்ர செயலாளர் ரூஃபஸ் அண்டர்சன் இஞ்ச வந்தவர். தன்னைத் தானே ஆளுற, தன்னைத் தானே தாங்குற, தன்னைத் தானே பரப்புற சபை வேணும் எண்டு சொன்ன ஆள் அவர். தாங்குறதுக்குச் சனம் வேணும், ஆளுறதுக்கு மட்டும் ஒரு குடும்பம் எண்டால் அது எப்பிடி?

சின்னதாச் சொல்லவேண்டிய இன்னும் ரெண்டு மூண்டு இருக்கு, சின்னதாச் சொன்னாலும் சின்ன விசயம் இல்லை. சுகமாயிட்டுது, மருந்தை நிப்பாட்டு எண்டு சொல்லாதேங்கோ. 1847 இல யாழ்ப்பாணம் வந்த டொக்டர் கிறீன் மானிப்பாயில எங்கட பிள்ளையளுக்குத் தமிழில மருத்துவம் படிப்பிச்சது சுவிசேசத்தின்ர பேரிலதான். அழுது சொன்ன குடும்பக் கதையை அடுத்த ஞாயிறு பேர் சொல்லாமல் எண்டாலும் பிரசங்கத்தில சொல்லாதேங்கோ, இது சின்ன ஊர், ஆர் எண்டு எல்லாருக்கும் விளங்கும். ஒரு ஊழியக்காரரில முறைப்பாடு வந்தா விசாரிக்கிறதுக்கு அவரின்ர சொந்தக்காரர் இல்லாத ஆக்கள் வேணும், அதில பொம்பிளையளும் வேணும். ரெண்டு மூண்டு சாட்சி கேக்கிற 1 தீமோத்தேயு 5 தான் அடுத்த வசனத்திலயே பாவம் செய்தவையை எல்லாருக்கும் முன்னால கடிஞ்சுகொள் எண்டும் சொல்லுது. பிள்ளையள் சம்பந்தப்பட்ட விசயம் எண்டால் ஜெபம் பண்ணி மூடக் கூடாது, சிறுவர் உதவி இலக்கம் 1929 க்கு ஃபோன் எடுக்கவேணும், அண்டைக்கே.

அப்ப நான் கேக்கிறது என்ன எண்டால், பெரிசா ஒண்டும் இல்லை ஐயா. காணிக்கையை ஒருத்தருக்கொருத்தர் சொந்தம் இல்லாத ரெண்டு பேர் எண்ணட்டும், ஊழியக்காரர் அந்த மேசைக்குக் கிட்ட வரவேண்டாம். வங்கிக் கணக்கு சபையின்ர பேரில இருக்கட்டும், ரெண்டு கையெழுத்து இல்லாமல் காசு எடுக்க ஏலாதபடி வையுங்கோ. வெளியில இருந்து வாற ஊழியக்காரருக்குச் சபை என்ன குடுக்குது எண்டதைக் கமிற்றி முன்கூட்டியே தீர்மானிக்கட்டும், நகை கழட்டுவிக்கிற வேலை எங்கட ஊரில வேண்டாம், கழட்டினா அண்டைக்கே அந்தப் பிள்ளையின்ர வீட்டில கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கோ. கணக்கை வருசத்தில ரெண்டு தரம் எண்டாலும் ஆராதனை முடிய வாசியுங்கோ, ஒரு தாளில எழுதி நோட்டிஸ் போர்டில ஒட்டுங்கோ. கேள்வி கேக்கிற ஆளை எழும்பி நிண்டு கேக்க விடுங்கோ, கேட்டு முடிய நன்றி சொல்லுங்கோ.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்கு வழமையா வராத சனமும் வரும், வெளிநாட்டில இருந்து வந்து நிக்கிற பிள்ளையளும் வருங்கள். அதுக்கு அடுத்து வாற முதல் ஞாயிறு போன வருசக் கணக்கை வாசிக்கிறதா அண்டைக்கே அறிவிச்சு விடுங்கோ. எழுதத் தெரிஞ்ச ஆள் இல்லை எண்டு யோசிக்க வேண்டாம், வங்கியிலயும் அரசாங்கக் கச்சேரியிலயும் சங்கத்திலயும் வேலை செய்து இளைப்பாறின ஆக்கள் ஒவ்வொரு சபையிலயும் இருக்கினம், கேட்டாச் சந்தோசமாச் செய்வினம், அதுக்குக் காசும் வாங்கமாட்டினம். அப்பிடியும் ஆள் கிடைக்கேல்லை எண்டால் நான் வாறன், எந்தச் சபை எண்டாலும். கொப்பி நான் கொண்டு வாறன், நீங்கள் பற்றுச்சீட்டுகளையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்து வையுங்கோ.

கிறிஸ்துவுக்குள்,
உங்கட விசுவாசி ஒருத்தி,
யாழ்ப்பாணம்